ஐந்து டிரஸ்

சுவருக்குச் சுவர் இருபத்து நாலு அடி,
நீளம் முப்பது.
"அஞ்சு டிரஸ் போதும் அக்கா" என்றான் இம்தியாஸ்.
பள்ளிச் சீருடை தைப்பவளிடம் வந்து
அஞ்சு டிரஸ் என்றால் நான் என்ன நினைப்பேன்!
மொட்டைமாடித் தரையில் சாக்பீஸால் வரைந்தபோதுதான்
தகரத்தின் கீழ் நிற்கும் இரும்பு முக்கோணம்
என்று புரிந்தது.

பாதி அகலம் பன்னிரண்டு.
உச்சி, சுவருக்கு மேல் ஐந்து.
நூற்று நாற்பத்து நாலும் இருபத்தைந்தும்
நூற்று அறுபத்தொன்பது.
போனைத் தட்டினான். பதிமூன்று.
புள்ளிக்குப் பின்னால் ஒன்றுமில்லை.
"எல்லா வீட்டுக்கும் இப்படி முழுசா வராது."

லிங்கராஜபுரத்தில் எனக்கு
முழுசாக வந்த முதல் எண்.

மழைக்காக வெளியே ஒன்றரை அடி இறவாரம்.
பதிமூன்றும் ஒன்றரையும் பதினாலரை என்றேன்.
இல்லையாம்.
இறவாரம் படுத்திருக்கவில்லை, சாய்ந்திருக்கிறது.
சாய்ந்தது கொஞ்சம் கூடக் கேட்கும்:
ஓரடி ஏழரை அங்குலம்.

இதை முதலிலேயே சொல்லக் கூடாதா?
கிராஸில் வெட்டினால் துணி எவ்வளவு தின்னும் என்று
என் கத்தரிக்கே தெரியும்.

அவன் கொட்டேஷனில் டிரஸ்ஸுக்கு நாலு பைப்.
கடையில் பைப் இருபதடி.
அன்றிரவு சாம்பல் நிறத் துணி ஓரங்களை
அடிக்கு ஓர் அங்குலமாய்
இருபது அங்குல நாடாக்களாக வெட்டி
மெஷின் பலகையில் பரப்பினேன்.

முதல் நாடாவில் ஒரு சாய்வு போக
ஐந்தடி நாலரை மிச்சம்.
உச்சியைத் தாங்கும் நடுக்கால் ஐந்தடிதானே,
அங்கேயே படுத்திருக்கிறது.
இரண்டாவதில் மறு சாய்வு,
அதன் மிச்சத்தில் நாலடி எடுத்து
மூன்றாவதின் இருபதோடு ஒட்டினால்
அடியில் இழுத்துப் பிடிக்கும் இருபத்து நாலு.
மூன்றே பைப்.
கழிவு, ஒரு கையகலமும்
முழத்துக்குச் சற்றுக் குறைந்த ஒரு துண்டும்.

காலையில் இம்தியாஸ் நாடாக்களைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"ஒட்டு நடுவுல வரக் கூடாது, சுவர்ப் பக்கம் வரட்டும்.
இடைக்கம்பிக்கு மெல்லிசு பைப் தனி."
இருபதை அடித்துப் பதினைந்து என்று எழுதினான்.
பாராட்டெல்லாம் கிடையாது. டீ மட்டும் சொன்னான்.

எல்லாம் வெட்டி முடித்த மறுநாள்
பக்கத்து மாடியில் புட்டம்மா.
கையில் அவளுடைய டேப்.
"ரெண்டு சுவருக்கும் நடுவே ஓரடி.
உன் தகரம் ஒன்றரை.
என் ஆகாசத்துல அரையடி."

சரியான கணக்கு. நான் வாய் திறக்கவில்லை.
அந்தப் பக்கம் ஐந்து சாய்வுகளையும் குறைக்கலாம்,
அப்புறம் சாரல் சுவரில் இறங்கும்;
மோட்டார்கள் வரிசையாய் நிற்கப் போவது
அந்தச் சுவரோரம்.

இம்தியாஸ் கட்டரைக் கையில் எடுத்தபோது
அவள் கேட்டாள்:
"நீரு யாரிகெ?"

தண்ணீர் யாருக்கு.
அந்த ஏப்ரலில் எங்கள் தெருவுக்கு
டேங்கர் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

மழைக்குச் சாய்வு ஒரு பொருட்டில்லை,
வானத்திலிருந்து தெரியும் அகலம்தான் கணக்கு.
பதிமூன்றரையை முப்பதால்,
ஓர் அங்குல மழைக்கு
ஏறக்குறையத் தொள்ளாயிரத்தைம்பது லிட்டர்.
போனை அவள் பக்கம் நீட்டினேன்.
கண்ணாடி போட்டுக்கொண்டு
பூஜ்யத்தை விரலால் தொட்டு எண்ணினாள்.

அரையடி ஆகாசத்துக்கு அதுவே வாடகை.
அவள் பக்கம் கால்வாய்த் தகரம்,
குழாய் நேரே அவள் சம்ப்புக்கு.
தாங்கிக்கு இரும்பு வாங்கவில்லை,
முழத்துக்குக் குறைந்த துண்டுகள்
மிகச் சரியாக ஐந்து இருந்தன.

கூரை ஏறிப் பதினோரு நாள்.
இன்னும் ஒரு தூறல் இல்லை.
தினமும் சாயங்காலம் புட்டம்மா
சம்ப் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு
என்னைப் பார்க்கிறாள்,
நான்தான் அளவைத் தப்பாக
வெட்டிவிட்டதைப் போல.